மேற்கிலிருந்து சென்னை: பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் நில உரிமையும் சமூகங்களும்

1. பொருளும் எல்லையும்

சென்னையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையில் நின்றே தொடங்குகிறார்கள். கப்பல் வருகிறது, பிரான்சிஸ் டே இறங்குகிறார், மணல்மேட்டில் கோட்டை எழுகிறது, கோட்டைக்கு வெளியே கறுப்பர் நகரம் வளர்கிறது. தெலுங்கு வணிகர், ஆர்மீனியர், போர்த்துகீசியர், யூதர், குஜராத்திகள் என்று சமூகங்களின் பட்டியலும் அங்கிருந்தே நீள்கிறது. ஆவணம் எழுதியவர்கள் கப்பலில் வந்தவர்கள். அதனால் இப்படித்தான் அமையும். ஆனால் அந்தக் கோட்டைக்கு இடம் கொடுத்தவர், அதற்கு நெல்லும் நீரும் தந்த ஊர்கள், அதன் சாலைக்குப் போன கல், அதன் சிப்பாய்க்கான பாசறை எல்லாமே மேற்கில் இருந்தன.

பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி ஆகிய மூன்றையும் முனைகளாக வைத்து, இடையிலும் அருகிலும் உள்ள திருமழிசை, திருவேற்காடு, திருமுல்லைவாயல், பாடி, புழல் வரையிலான நிலப்பரப்பை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. வடக்கே கொசஸ்தலையாறு, நடுவே கூவம், தெற்கே அடையாறு. இடைப்பட்ட மண்ணில் ஏரிக்குப் பஞ்சமில்லை. இங்கே வாழும் சமூகங்களைச் சாதி, மதம், மொழி என்று வகைப்படுத்துவதைவிட, ஒவ்வொரு காலத்திலும் நிலம் யார் பேரில் எழுதப்பட்டது, யார் பேரில் எழுதப்படவில்லை என்று பார்ப்பது கூடுதலாக விளங்கவைக்கும் என்பது என் வாதம். நாயக்கர் முதல் ராணுவ அமைச்சகம் வரை இங்கு வந்த ஒவ்வோர் அதிகாரமும் நிலத்தைப் புதிதாகப் பங்கிட்டது. அந்தப் பங்கீட்டில்தான் இங்குள்ள சமூகங்கள் இன்றைய வடிவத்தைப் பெற்றன.

2. கோட்டைக்கு முந்திய மேற்கு

பழங்கற்காலத்தை ஒரு வரியில் கடந்துவிடலாம். கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த கற்கருவிகளும், அதே இடத்தில் சாந்தி பப்புவின் குழு அண்மையில் செய்த காலக்கணிப்பும், மனிதர் இந்தப் படுகையில் பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்ததைக் காட்டுகின்றன. நம் பொருளுக்கு நெருக்கமானது தொண்டைமண்டலத்தின் கோட்டப் பிரிவு. இப்பகுதி புழற்கோட்டத்திலும் புலியூர்க் கோட்டத்திலும் அடங்கியது.

திருமுல்லைவாயல் மாசிலாமணீசுவரர் கோயிலின் தலபுராணம், நிலம் கைமாறிய ஒரு நிகழ்ச்சியைக் கதையாக்கி வைத்திருக்கிறது. புழலில் கோட்டை கட்டி ஆண்ட குறும்பரை அடக்கத் தொண்டைமான் வருகிறான். யானையின் காலில் முல்லைக்கொடி சிக்குகிறது; வாளால் வெட்டப் போகையில் லிங்கத்தின் மீது வெட்டு படுகிறது. இறைவன் நந்தியைத் துணைக்கு அனுப்ப, தொண்டைமான் வெல்கிறான். அதனால்தான் அங்கே நந்தி மூலவருக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கி, போருக்குப் புறப்பட்ட தோரணையில் அமர்ந்திருக்கிறது என்பார்கள். கருவறை முன் உள்ள இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பதும் கோயில் மரபு. ஆடு மேய்த்த குறும்பரை வென்று வேளாண் குடிகள் குடியேறிய நீண்ட நிகழ்முறையின் எச்சமாக இதைப் படிக்கலாம். வென்றவர் கோயிலில் தோற்றவர் தூண் நிற்கிறது. குறும்பர் தரப்பில் சொல்லப்பட்ட கதை எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.

இந்த வட்டாரத்தின் பக்தி மரபைச் சற்று நின்று கவனிக்க வேண்டும், ஏனென்றால் அதன் நாயகர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். திருமழிசையாழ்வாரைப் பிரம்பங்காட்டில் கண்டெடுத்து வளர்த்தவன் பிரம்பறுக்கும் திருவாளன். திருவேற்காட்டின் மூர்க்க நாயனார் சூதாடி. அடியாருக்கு அன்னமிடக் கைப்பொருள் தீர்ந்தபின் சூதில் வென்ற பணத்தில் சமைத்துப் போட்டவர். ஆட்டத்தில் ஏமாற்றியவனைக் கத்தியால் குத்தவும் தயங்காதவர். திருநின்றவூர்ப் பூசலார் அந்தணர், ஆனால் கையில் காசில்லாதவர். மனத்துக்குள்ளேயே கல் கல்லாகக் கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னன் அதே நாளைக் குறித்திருந்தபோது, இறைவன் பூசலார் கோயிலுக்கே முதலில் போவதாகக் கனவில் சொன்னான். மூர்க்கர், பூசலார் இருவரின் கதையையும் காவியமாக்கிய சேக்கிழார், பக்கத்தில் உள்ள குன்றத்தூர்க்காரர். சோழ அரசில் பெரும்பதவி வகித்த வேளாளர்.

பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி வைசியர். காஞ்சி வரதனுக்கு ஆலவட்டம் வீசியவர்; இராமானுசர் அவரைத் தம் ஆசானாகக் கொண்டார். நம்பி உண்ட மிச்சத்தை உண்ண விரும்பி இராமானுசர் அவரை வீட்டுக்கு அழைக்கிறார். அவர் இல்லாத வேளையில் நம்பி வந்து உண்டுவிட்டுப் போகிறார். இராமானுசரின் மனைவி எஞ்சியதை அப்புறப்படுத்தி, இடத்தை மெழுகி, குளித்துவிட்டு, கணவருக்குப் புதிதாகச் சமைக்கிறார். குருபரம்பரை நூல்கள் இதை ஒளிக்காமல் சொல்கின்றன. பக்தியில் ஆசானாக இருந்தவர் அடுக்களை வாசலில் சாதியாகவே பார்க்கப்பட்டார்.

3. கொடுத்தவர் இருந்த ஊர்

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கரை மணல்திட்டைத் தந்தவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் என்று பள்ளிப் பாடம் சொல்கிறது. அவர் விசயநகர மன்னரின் பெரிய அதிகாரி, வந்தவாசியில் இருந்தார். கடற்கரைப் பகுதியைக் கவனித்துக்கொண்ட அவருடைய சகோதரர் ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்தார். பழவேற்காட்டில் டச்சுக்காரரும் சாந்தோமில் போர்த்துகீசியரும் அடிக்கடி மோதிக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு ஐரோப்பியரை உட்கார்த்தி வைத்தால் வணிகமும் வரும், தொல்லையும் குறையும் என்ற கணக்கு அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. தந்தை சென்னப்ப நாயக்கர் பெயரும் நிலைக்கும். டே நடத்திய பேரத்தில் பூந்தமல்லிக்குக் கணிசமான பங்கு உண்டு. சுருங்கச் சொன்னால், சென்னையின் முதல் பட்டா மேற்கிலிருந்து கிழக்கே போனது.

சில ஆண்டுகளில் விசயநகர ஆட்சி இங்கே சரிந்து கோல்கொண்டாவின் கை ஓங்கியது. மீர் ஜும்லா, இஸ்பஹான் பக்கத்திலிருந்து வந்து வைர வணிகத்தில் பெருத்து, குதுப் ஷாஹி அரசின் படைத்தலைவராக உயர்ந்தவர். பூந்தமல்லியில் அவர் பெயரால் வழங்கும் பள்ளிவாசலின் பாரசீகக் கல்வெட்டு, அப்துல்லா குதுப் ஷா காலத்தில் 1653இல் ருஸ்தம் என்பவர் அதைக் கட்டியதாகச் சொல்கிறது. ருஸ்தமின் பூர்விகம் காஸ்பியன் கடற்கரை அஸ்தராபாத். இராமானுசரின் ஆசான் பிறந்த ஊரில் ஈரானியர் ஒருவர் பாரசீகத்தில் கல் பொறித்திருக்கிறார். சென்னையின் பன்மையைத் துறைமுகத்தின் கொடையாக மட்டும் எழுதுவோர் இந்தக் கல்லையும் கணக்கில் எடுக்க வேண்டும். ருஸ்தம் தரைவழி அதிகாரத்தின் ஆள்; தக்காணம் தாண்டி வந்தவர்.

கம்பெனி இக்காலத்தில் கோட்டைக்கு வாடகை கட்டிய குடித்தனக்காரர்தான். ஆண்டுக்கு 1,200 வராகன் என்று தொகை முடிவாகியிருந்தது. பூந்தமல்லியில் கோல்கொண்டா அதிகாரியாக இருந்த லிங்கப்பா, 1670களிலும் 80களின் தொடக்கத்திலும் கோட்டைக்காரருக்குத் தீராத தலைவலியாக இருந்தார். அவருக்குக் கோபம் வந்தால் சரக்கும் தானியமும் கடற்கரைக்குப் போகாது. கம்பெனியிடம் பீரங்கி இருந்தது, ஆனால் சோற்றுக்கு மேற்கைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. 1687இல் கோல்கொண்டா மொகலாயரிடம் வீழ்ந்தது. பின்னர் கம்பெனி எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை (1693), பிறகு நுங்கம்பாக்கம் உள்ளிட்ட ஐந்து ஊர்கள் (1708), பெரம்பூர் உள்ளிட்ட ஐந்து ஊர்கள் (1742) என்று ஊர் ஊராக வாங்கி மேற்கே நகர்ந்தது. வாடகைக்காரர் வீட்டுக்காரராகும் கதையின் அடுத்த கட்டம் 1763.

4. ஜாகிர், மிராசு, சேரி

4.1 ஓலையில் ஒரு கணக்கெடுப்பு

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1763இல் செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகிராகக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவரே 1780 வரை குத்தகைக்கும் எடுத்துக்கொண்டார் என்பது அந்தக் காலக் கடன் கணக்குகளின் விசித்திரம். ஜாகிரில் என்னதான் இருக்கிறது என்று அறிய, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிவைத்திருந்த கணக்குகளே அதற்கு அடிப்படை. நெடுங்காலம் கிடப்பில் இருந்த இந்த ஆவணங்களைத் தரம்பாலும் அவரைத் தொடர்ந்து ஜே.கே. பஜாஜ், எம்.டி. ஸ்ரீநிவாஸ் ஆகியோரும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தனர்.

ஒவ்வோர் ஊருக்கும் மொத்த நிலம் எவ்வளவு, அதில் ஏரி, கழனி, கொல்லை, மேய்ச்சல், காடு, கோயில் எவ்வளவு, எந்தச் சமூகத்துக்கு எத்தனை வீடு, யாருக்கு என்ன மானியம் என்று அந்தக் கணக்கு போகிறது. களத்தில் நெல் அளக்கும் முன்னும் அளந்த பின்னும் எடுத்துவைக்கும் பங்குகள் அதில் உண்டு: கோயிலுக்கு, ஏரிக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தலையாரிக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, குயவனுக்கு, வண்ணானுக்கு, அம்பட்டனுக்கு, வெட்டியானுக்கு. ஏரிக்குத் தனியே பங்கு வைத்த ஏற்பாடு இன்றைய பொதுப்பணித் துறைக்காரர் பொறாமைப்பட வேண்டியது. இதைக் கொண்டு பழைய கிராமம் தன்னிறைவும் ஒற்றுமையும் நிறைந்த பூங்கா என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். எல்லோருக்கும் பங்கு இருந்தது உண்மை. நிலத்தில் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை. களத்தில் படி நெல் வாங்குவதும் கழனியைப் பேரில் வைத்திருப்பதும் ஒன்றாகா.

4.2 மிராசு

செங்கற்பட்டுச் சீமையின் தனித்தன்மை மிராசு. ஊர் நிலம் முழுவதும் பங்குகளாகப் பிரிக்கப்பட்டு, பரம்பரையாகச் சில குடும்பங்களிடம் இருந்தது. பெரும்பாலும் தொண்டைமண்டல வேளாளர், சில ஊர்களில் பிராமணர். பங்குக்காரர்களுக்குச் சாகுபடி நிலத்தின் மேல் மட்டுமல்ல, தரிசின் மேலும், புறம்போக்கின் மேலும், ஏரி மீனின் மேலும் பாத்தியதை உண்டு. அவர்களுக்குக் கீழே பாயக்காரிகள். ஊரிலேயே நிலைத்துப் பயிரிட்டவர் உள்குடி, வெளியூரிலிருந்து வந்து உழுதுவிட்டுப் போனவர் புறக்குடி. வன்னியர் பெரும்பாலும் இந்த அடுக்கில் இருந்தனர். அடுத்துப் படியாள்: படி நெல்லுக்கு ஆண்டு முழுவதும் கட்டுண்டு உழைத்த பறையர். இருளர் இந்த அடுக்கிலேயே இல்லை. ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் இருந்தனர்.

1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு ஜாகிரைச் சூறையாடியது. பல ஊர்கள் வெறிச்சோடின. 1794இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் வருவாயை உயர்த்துவதிலும் ஏரிகளைச் செப்பனிடுவதிலும் ஒரே வேகம் காட்டினார். ஒத்துவராத மிராசுதாரர்களின் உரிமையைப் பறித்து வேறு ஆட்களை உட்காரவைக்கவும் முனைந்தார். மிராசுதாரர்கள் ஊரைவிட்டுக் கூட்டமாக வெளியேறினர். உழவு நின்றால் வரி நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பிளேஸுக்கு எதிராகக் கிளம்பிய இந்த எதிர்ப்பில் பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதாரர்களும் இருந்தனர். அப்போதும் சரி, கம்பெனி அதிகாரி எல்லிஸ் 1818இல் மிராசு பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டபோதும் சரி, விவாதம் கம்பெனிக்கும் பங்குக்காரருக்கும் இடையேதான் நடந்தது. படியாளிடம் யாரும் கேட்கவில்லை.

4.3 சேரிமனை

கேட்டவர் ஒருவர் வர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. செங்கற்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் தம் மாவட்டத்துப் பறையர் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அம்பத்தூரும் பூந்தமல்லியும் அப்போது அதே மாவட்டம், சைதாப்பேட்டை வட்டம். அறிக்கையில் என்னை நிறுத்திவைக்கும் இடம் கூலியைப் பற்றியதோ தீண்டாமையைப் பற்றியதோ அல்ல, சேரிமனை பற்றியது. தலைமுறைகளாகக் குடியிருக்கும் குடிசையின் அடிமண்கூட மிராசுதாரர் பாத்தியதையில் இருந்தது. கூலி அதிகம் கேட்டாலும், வேறு பண்ணைக்குப் போனாலும், மதம் மாறினாலும், வீட்டைக் காலி செய் என்று ஒரு வார்த்தை போதும். தரிசுக்கு மனுப் போட்டால் முதல் உரிமை மிராசுதாரருக்கு என்பதால் மனு தள்ளுபடியாகும். வறுமை சோம்பலால் வந்ததன்று, சட்டமும் வழக்கமும் சேர்ந்து கட்டிய வேலியால் வந்தது என்பதை ஓர் அரசு அதிகாரி அரசுக்கே எழுதிக் காட்டினார்.

30 செப்டம்பர் 1892 தேதியிட்ட 1010ஆம் எண் வருவாய்த்துறை அரசாணை அதன் விளைவு. ஒடுக்கப்பட்டோருக்கென நிலம் ஒதுக்கும் வழி அதிலிருந்து பிறந்தது. வேற்றுச் சாதியாருக்குக் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையோடு பிற்காலத்தில் வழங்கப்பட்ட இந்த நிலங்களையே பஞ்சமி நிலம் என்கிறோம். மாகாணம் முழுவதும் சேர்த்து 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நிபந்தனை இருந்தும் நிலம் கைமாறியதே பிந்திய வரலாறு. சென்னையை ஒட்டிய வட்டங்களில் இதன் வேகம் கூடுதல்: ஏக்கர் கணக்கில் விற்ற மண் சதுர அடிக் கணக்கில் விலை போகத் தொடங்கியபோது, பழைய நிபந்தனையை நினைவில் வைத்திருக்க யாருக்கும் ஆதாயம் இல்லை.

5. கல், தண்டவாளம், தண்ணீர்

இந்தியாவில் ரயில் பம்பாயில் தொடங்கியது என்று சொல்வோருக்கு ஒரு சிறு திருத்தம். பயணிகளுக்கான ரயில் 1853இல் அங்கே தொடங்கியது. ஆனால் 1837இலேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குக் கல் கொண்டுவர ஆர்தர் காட்டனின் முயற்சியில் தண்டவாளம் போட்டாயிற்று. நகரச் சாலைகளுக்கு ஜல்லி வேண்டியிருந்தது. அந்தப் பாதை நீடிக்கவில்லை. நீடித்தது 1 ஜூலை 1856இல் திறந்த ராயபுரம் – வாலாஜா ரோடு பாதை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அம்பத்தூர், ஆவடி வயல்களின் நடுவே போயிற்று. பிற்காலத்துப் பாசறையும் தொழிற்சாலையும் ஏன் இங்கே வந்தன என்பதற்கு முக்கால்வாசி விடை அந்த இரும்புப் பாதை.

கோட்டைக்கு 18ஆம் நூற்றாண்டில் ஏழு கிணறு போதுமாக இருந்தது. நகருக்கு அது போதவில்லை. 1872இல் பொறியாளர் ஃபிரேசரின் திட்டப்படி தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையாற்று நீரைத் திருப்பி, சோழவரம் வழியாகப் புழல் ஏரிக்கும், அங்கிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கத்துக்கும் கொண்டுவந்தனர். 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வந்தன. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம். பாசன ஏரி குடிநீர்த் தேக்கமாயிற்று என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் ஏரியின் நீர் முறையைப் பங்கிட்டு வாழ்ந்த ஒரு சமூக ஏற்பாடு அந்த ஒரு வரிக்குள் மூழ்கிப்போனது. மடைதிறப்பவருக்குப் பங்கு எதற்கு, வாரியப் பொறியாளர் இருக்கும்போது?

இன்று புழலின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645. இரண்டும் நிரம்புவதும் வற்றுவதும் சென்னை நாளிதழ்களின் முதல் பக்கச் செய்தி. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டதும் அடையாற்றங்கரை மூழ்கியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அடுத்து வந்த வறட்சியில் 2019 ஜூனில் இந்த ஏரிகள் தரை தெரியக் கிடந்தன. அம்பத்தூரிலும் கொரட்டூரிலும் தண்ணீர் லாரிக்காகத் தெருமுனையில் குடங்கள் வரிசை கட்டின. அப்போது ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கர் வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீர் ஏற்றிக்கொண்டு ஜூலை 12ஆம் தேதி முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. மாலை போட்டு, கொடியசைத்து, அமைச்சர்கள் வரவேற்றார்கள். வழி, 1856இன் அதே மேற்குப் பாதை. ரயில் ஆவடியையும் அம்பத்தூரையும் கடந்து கீழ்ப்பாக்கத்துக்கான நீரைச் சுமந்து போயிற்று.

6. பாசறை

பூந்தமல்லியில் கம்பெனி காலத்திலிருந்தே பாசறை உண்டு. கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பியச் சிப்பாய்களும், நோயுற்றவர்களும், ஊர் திரும்பக் காத்திருந்தவர்களும் தங்கும் டெப்போவாக அது 19ஆம் நூற்றாண்டில் இயங்கியது. கோட்டையிலிருந்து நேராக மேற்கே வரும் பூந்தமல்லி நெடுஞ்சாலை அந்த உறவின் தடம். படைக்குப் பின்னால் கசாப்புக்காரர், ரொட்டிக்காரர், சலவைக்காரர், குதிரைக்காரர் என்று ஒரு கூட்டம் வருவது வழக்கம். நவாப் காலத்து உருது பேசும் குடும்பங்களோடு இவர்களும் சேர, ஊர் தன் பழைய மிராசு அடுக்குக்குள் அடங்காத மக்களைப் பெற்றது. இவர்களுக்குக் களத்தில் பங்கு இல்லை. சம்பளமோ கடை வருமானமோ இருந்தது.

ஆவடி இதே கதையின் பெரிய பதிப்பு. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் அச்சத்தால் 1942இல் சென்னை பாதி காலியானபோது, கடற்கரையிலிருந்து தள்ளி, ரயில் பாதையை ஒட்டி, வெற்று நிலம் நிறைந்திருந்த ஆவடி ராணுவக் கிடங்காக வளர்ந்தது. 1955 ஜனவரியில் அங்கே காங்கிரஸ் மாநாடு. யு.என். தேபர் தலைமை; காமராசர் முதலமைச்சராகி ஓராண்டுகூட ஆகவில்லை. சோஷலிச மாதிரிச் சமுதாயம் என்ற தீர்மானத்தால் ஆவடியின் பெயர் இந்திய அரசியல் நூல்களில் ஏறியது. தீர்மானத்துக்குப் பொருள் என்ன என்று டெல்லியில் வாதித்துக்கொண்டிருக்க, ஆவடிக்குக் கிடைத்த சோஷலிசம் அரசுத் தொழிற்சாலை வடிவில் வந்தது. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை. அதே ஆண்டில் ராணுவ உடைத் தொழிற்சாலை. 1965 டிசம்பரில் பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பில் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. பின்னர் டி-72, அர்ஜுன்.

இங்கேதான் நில உரிமையில் ஒரு புதிய வகை பிறக்கிறது: குவார்ட்டர்ஸ். பட்டா இல்லை, வாடகை பெயருக்கு, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் மைதானமும் வளாகத்துக்குள்ளேயே. மத்திய அரசு வேலை என்பதால் கேரளம், ஆந்திரம், வங்காளம், பஞ்சாப் என்று எங்கிருந்தும் வந்தார்கள். மத்திய ரிசர்வ் போலீஸ், விமானப்படை, தமிழ்நாடு சிறப்புக் காவல் படை ஆகியவையும் வர, ஆவடியில் தமிழும் மலையாளமும் தெலுங்கும் இந்தியும் ஒரே ரேஷன் வரிசையில் கேட்டன. ஊர்த் தெருவில் அவ்வளவு எளிதில் நடக்காத ஒன்று குவார்ட்டர்ஸில் நடந்தது: வீடு ஒதுக்கீடு சாதி பார்த்து நடக்கவில்லை, பணித்தரம் பார்த்து நடந்தது. இட ஒதுக்கீட்டில் வேலை பெற்ற ஆதிதிராவிடர் குடும்பமும் முதலியார் குடும்பமும் எதிரெதிர்க் கதவு. ஓய்வு பெற்று வெளியே மனை வாங்கும்போது பழைய கணக்கு திரும்ப வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2021 அக்டோபர் முதல் தேதி ஆயுதத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாக்கப்பட்டன. டாங்கித் தொழிற்சாலை ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாமுக்குப் போனது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, வேலைநிறுத்தத்தைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது.

7. பேட்டை

அம்பத்தூரின் மாற்றம் சைக்கிளில் தொடங்கியது. 1949இல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின; ஹெர்குலிஸ் சைக்கிள் அம்பத்தூரில் உருவானது. 1959இல் டன்லப் டயர் ஆலை. அறுபதுகளின் தொடக்கத்தில் பாடியில் டி.வி.எஸ். குடும்பத்தின் லூகாஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். கிண்டியை அடுத்து அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. சுற்றுவட்டாரத்தில் அதற்குப் பெயர் வெறுமனே எஸ்டேட்.

பெரிய ஆலைகளைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. எஸ்டேட்டின் உயிர் பட்டறைகளில் இருந்தது. நாலு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர். ஷட்டரைத் தூக்கினால் கட்டிங் ஆயில் வாடை. பெரிய கம்பெனியிலிருந்து டிராயிங் வரும், ஜாப் ஒர்க். ஐ.டி.ஐ. முடித்து ஹெல்பராகச் சேர்ந்த பையன் டர்னராகி, பழைய லேத் ஒன்றைக் கடனுக்கு வாங்கி, வாடகை ஷெட்டில் தானே முதலாளி ஆவதுண்டு. இந்தப் பட்டறை முதலாளிகளில் வன்னியர், நாயுடு, ஆசாரி, நாடார், தென்மாவட்டத்துத் தேவர், கிறித்தவர் எல்லாரும் இருந்தனர். நிலமில்லாதவன் கைத்தொழிலால் மேலேற இந்த வட்டாரம் தந்த அகலமான வாசல் அது. ஆனால் பேட்டை அமைந்த கழனியில் படி நெல்லுக்கு உழைத்தவனுக்கு இழப்பீடு ஏது? ஆர்ஜிதத் தொகை பட்டாக்காரருக்குப் போனது. உழுத கை கேட்டில் வாட்ச்மேன் வேலைக்கு நின்றது.

டன்லப் பின்னாளில் முடங்கியது. தொண்ணூறுகளுக்குப் பின் ஷெட்டுகள் சில ஆயத்த ஆடை நிறுவனங்களாயின. ஆண்கள் லேத்தில் நின்ற இடத்தில் பெண்கள் தையல் மெஷினில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வேறு சில ஷெட்டுகள் கண்ணாடிச் சுவர் மென்பொருள் கட்டடங்களாயின. இப்போது பட்டறையில் நிற்பவர் ஒடிசாக்காரராகவோ பீகார்க்காரராகவோ இருக்கிறார். பத்துப் பேர் சேர்ந்து ஓர் அறை, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கடுகு எண்ணெய். பேட்டையின் கழிவு கொரட்டூர் ஏரியில் கலப்பது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு.

8. ஒதுக்குப்புறம்

மாநகரம் தன் நடுவில் வைத்துக்கொள்ள விரும்பாததை மேற்கே அனுப்பும் பழக்கம் நோயாளிச் சிப்பாய்களோடு தொடங்கி இன்னும் நிற்கவில்லை. புழலில் மத்தியச் சிறை. அதே புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம். 1983க்குப் பின் வந்தவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்து, படித்து, திருமணம் செய்து, இன்னும் முகாம் பதிவேட்டில் இருக்கிறார்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்த தடா நீதிமன்றம் பூந்தமல்லியில் அமைந்தது; 28 ஜனவரி 1998இல் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது அங்கேதான். உச்ச நீதிமன்றம் மறு ஆண்டு அதை நான்கு பேருக்குக் குறைத்தது. 2020 மே மாதம் கோயம்பேட்டில் கொரோனா பரவியதும் காய்கறிச் சந்தை ஒரு வாரத்துக்குள் திருமழிசைக்குப் பெயர்க்கப்பட்டது. பிரம்பறுத்தவன் ஆழ்வாரைக் கண்டெடுத்த ஊரில் கோடை மழைச் சேற்றில் வெங்காய மூட்டைகள் நின்றன.

ஒதுக்கப்பட்டவர்கள் தாமாகப் பேசி நிலைமையை நகர்த்திய ஒரு தருணமும் இங்கே உண்டு. ஆவடி நரிக்குறவர் குடியிருப்பின் மாணவிகள் பேசிய காணொளி பரவியபின், 2022 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அங்கே நேரில் சென்று ஒரு வீட்டில் உணவருந்தினார். நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கை பல பத்தாண்டுகள் பழையது. அதற்கான மசோதா அந்த ஆண்டு டிசம்பரில் மக்களவையில் நிறைவேறி, 2023 தொடக்கத்தில் சட்டமானது. சான்றிதழ் கிடைத்தது. மனை வேறு விஷயம்.

9. எல்லைக்கோடு

1997இல் செங்கற்பட்டு பிரிந்து திருவள்ளூர் மாவட்டம் உருவானபோது இந்த வட்டாரம் அதற்குப் போனது. 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426க்கு விரிந்து அம்பத்தூரை ஏழாவது மண்டலமாக விழுங்கியது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்பத்தூரின் மக்கள்தொகை சுமார் 4.66 லட்சம், ஆவடி 3.46 லட்சம், பூந்தமல்லி 57 ஆயிரம். ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது. 2022இல் தனிக் காவல் ஆணையரகமும் பெற்றது. மூன்றில் பழமையானதும், கோட்டைக்கு இடம் கொடுத்ததும், வாடகை வாங்கியதுமான பூந்தமல்லி அப்போதும் நகராட்சியாகவே இருந்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து அங்கே வரும் மெட்ரோ பாதையின் தூண்கள் எழுந்ததிலிருந்து மனை விலையும் எழுந்துகொண்டே இருக்கிறது.

இந்த விலையில் யாருக்குப் பங்கு என்று அறிய வழி இருக்கிறது, உழைப்பு வேண்டும். ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, பர்னார்ட் ஓலைக் கணக்கில் அதன் வீடுகளையும் பங்குகளையும், 1892க்குப் பிந்திய ஒதுக்கீட்டுப் பதிவுகளையும், அறுபதுகளின் நில ஆர்ஜிதக் கோப்புகளையும், இன்றைய நகர நில அளவைப் பதிவேட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து ஏரிப் புறம்போக்கில் பட்டாவுக்கு மனுக் கொடுத்துக் காத்திருக்கும் குடும்பங்களில் எத்தனை பேர் பழைய படியாள் வழி வந்தவர்கள், எத்தனை பேர் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் என்பதற்கு அந்த நான்கு அடுக்கில்தான் விடை கிடைக்கும். தொழிற்பேட்டை நிலத்திலிருந்து தொடங்குவது நல்லது; ஆர்ஜிதக் கோப்பில் இழப்பீடு வாங்கியவர் பெயர் வரிசையாக இருக்கும், வாங்காதவர் யார் என்பதைப் பர்னார்டின் ஓலை சொல்லும்.